அறுநூறு மில்லிமீட்டர்

ஞாயிறு காலை, இரண்டாவது காபிக்கும் குளியலுக்கும் நடுவில், என் தவறைக் கண்டுபிடித்தேன்.

கொல்கத்தா டாலிகஞ்சில் ஒரு சினிமா ஸ்டுடியோ. அங்கே சுழலும் மேடை ஒன்று இருக்கிறது. செட்டோடு சேர்ந்து மொத்த மேடையும் வட்டமாகச் சுற்றும். அடியில் சக்கரங்கள், அவை ஓட ஒரு வட்டத் தண்டவாளம். அதில் தேய்ந்துபோன இரண்டரை மீட்டர் துண்டை மாற்ற வேண்டும். பழைய வரைபடம் யாரிடமும் இல்லை. வட்டத்தின் ஆரம் எவ்வளவு என்று அளந்து சொல்வது என் வேலை. நடுவில் மோட்டார் உட்கார்ந்திருப்பதால் மையத்திலிருந்து டேப் பிடிக்க முடியாது.

வேறு வழி உண்டு. வளைவின் உட்பக்கத்தில் நேரான ஸ்கேல் ஒன்றை இரு முனையும் தொடும்படி வையுங்கள். நடுவில் ஸ்கேலுக்கும் வளைவுக்கும் இடையே கொஞ்சம் இடைவெளி விழும். ஸ்கேலின் நீளமும் அந்த இடைவெளியும் தெரிந்தால் ஆரத்தைக் கணக்குப் போட்டுவிடலாம். வெள்ளிக்கிழமை என் அறுநூறு மில்லிமீட்டர் எஃகு ஸ்கேலை வைத்தேன். இடைவெளி பத்து மில்லிமீட்டர். ஆரம் 4505. தண்டவாளத்தை வளைத்துத் தரும் ஹவுரா பட்டறைக்கு எண்ணை அனுப்பிவிட்டேன்.

ஞாயிறன்று அறிக்கை எழுத உட்கார்ந்தபோதுதான் முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். ஒவ்வொரு எண்ணையும் லேசாக அசைத்து, விடை எவ்வளவு அசைகிறது என்று பார்ப்பது. ஸ்கேலின் நீளத்தில் பத்தில் ஒரு மில்லிமீட்டரை மாற்றினேன். ஆரம் ஒன்றரை மில்லிமீட்டர் நகர்ந்தது. இடைவெளியில் அதே அளவை மாற்றினேன். ஆரம் நாற்பத்தைந்து மில்லிமீட்டர் ஓடியது. அந்தத் தண்டவாளத்தில் படிந்திருந்த துருவே அதைவிடத் தடிமன்.

உடைந்த வளையலை நினைத்துக்கொள்ளுங்கள். பாதி வளையல் கிடைத்தால் எந்தக் கைக்கு உரியது என்று சொல்லிவிடலாம். நகத்தளவு சில்லு கிடைத்தால்? கிட்டத்தட்ட நேராகவே இருக்கும். குழந்தையுடையதா பெரியவளுடையதா, தெரியாது. நான் சில்லை அளந்திருந்தேன். ஸ்கேல் நான்கு மடங்கு நீளமாக இருந்திருந்தால் அதே துரு பதினாறில் ஒரு பங்குதான் கெடுத்திருக்கும்.

எனக்குத் தெரியாத விஷயமில்லை. பதினெட்டு வருடம் பிறர் வரைபடங்களில் இதைத்தான் சுட்டிக்காட்டிச் சம்பளம் வாங்கினேன். ஆனால் நீளமான சட்டத்துக்கு இரண்டு பேர் வேண்டும். நடுவில் அளக்கப் போனால் முனை நழுவும். சால்ட் லேக்கில் எங்கள் கம்பெனிக் கிளையை மூடிய பிறகு மூன்று வருடமாகத் தனியாக வேலை செய்கிறேன். இன்னொரு ஜோடிக் கை தேவைப்படும் அளவுகளிலிருந்து ஒதுங்கப் பழகியிருந்தேன். ஒதுங்குகிறேன் என்பதே அன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

பட்டறைக்குப் போன் செய்தேன்.

“நாளை காலை பத்து மணிக்கு வளைக்க ஆரம்பிச்சிடுவோம், திதி,” என்றார் உரிமையாளர் வங்காளத்தில், என்னை அக்கா என்று விளித்து. “நிறுத்தினா அப்புறம் மிஷின் அடுத்த மாசம்தான்.”

அதற்குள் படப்பிடிப்பு தொடங்கிவிடும். ஆரம் தொண்ணூறு மில்லிமீட்டர் தவறினாலே துண்டின் நடுவில் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் பிசகும். சக்கரம் சிக்கி மேடை குலுங்கும். மேலே ஆட்கள் நிற்பார்கள்.

ஞாயிறன்று ஸ்டுடியோவில் காவலாளி மட்டும்தான். அவர் கேட்டை விட்டு நகரக் கூடாது. போனில் இருந்த பெயர்களை மேலிருந்து கீழ்வரை தள்ளிப் பார்த்தேன். பாதி சென்னை, பாதி பெங்களூர். இன்றைக்கு வந்து ஒரு சட்டத்தின் முனையைப் பிடிக்க அதில் ஒருவரும் இல்லை.

எதிர் வீட்டில் வெங்கட்ராமன் இருந்தார். பேங்கில் ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து இரண்டு வருடம். லேக் மார்க்கெட்டில் கறிவேப்பிலை வாங்கும்போது எதிர்ப்பட்டால் தலையசைப்போம். அவ்வளவுதான். பத்து நிமிடம் என் கதவுக்குள்ளேயே நின்றுவிட்டு, போய் மணியடித்தேன்.

“சார், ஒரு உதவி. ஒரு சட்டத்தோட முனையைப் பிடிச்சுக்கணும். டாலிகஞ்ச் வரைக்கும் வரணும்.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “மூணு வருஷமா எதிர்ல இருக்கே, உறைக்கு மோர்கூடக் கேட்டதில்லை. கேக்கறச்சே கூலி வேலையா?”

“அவசரம் சார்.”

“சாரெல்லாம் பேங்கோட போச்சு. இந்த பில்டிங்ல எல்லாருக்கும் நான் காக்கு, சித்தப்பா மாதிரி. இரு, செருப்பை மாட்டிண்டு வரேன். ஆமா, உன் பேர் என்ன?”

“மதுவந்தி.”

மெட்ரோவில் வளையல், சில்லு, பதினாறு மடங்கு எல்லாவற்றையும் சொன்னேன். யாருக்காவது எதையாவது விளக்கி எவ்வளவு நாளாயிற்று! இறங்கும்போது அவர் சொன்னார்: “அதாவது, சின்னச் சில்லை வெச்சுண்டு பெரிய பேச்சு பேசிட்டே.”

“ஆமா, காக்கு.”

ஸ்டுடியோவில் விளக்கு கட்டும் அலுமினியச் சட்டம் ஒன்று கிடைத்தது, 2400 மில்லிமீட்டர். துருவைச் சுரண்டிவிட்டு ஒரு முனையில் அவரை உட்கார வைத்தேன்.

“அசையப்படாதா?”

“மூச்சு விடலாம்.”

“முட்டி வலிக்கறதே, அது அசையலாமா?”

மறுமுனையை நான் சரிபார்த்துப் பாரம் வைத்தேன். சறுக்காமல் அவர் அழுத்திக்கொண்டிருக்க, நடுவில் இடைவெளி அளக்க வெர்னியர் அளவியை வைத்தேன். 159.4. சட்டமே வளைந்திருந்தால்? திருப்பிப் போட்டு அளந்தேன். வளைந்திருந்தால் இந்தத் தடவை பிழை எதிர்ப்பக்கம் காட்டியிருக்கும். அதே 159.4. ஆரம் 4597. நான் அனுப்பியிருந்தது தொண்ணூற்றிரண்டு மில்லிமீட்டர் குறைவு.

பட்டறைக்குப் புது எண்ணை அனுப்பினேன். என் தவறு என்றும் எழுதினேன். ‘சரி திதி, 4597’ என்று பதில் வந்தது.

“முடிஞ்சுதா?” என்றார் முட்டியைத் தேய்த்துக்கொண்டே.

“பொருத்தின பிறகு மறுபடி அளக்கணும், காக்கு. பதினெட்டாம் தேதி.”

“பதினாறாம் தேதி நான் புனே போறேம்மா. பிள்ளையோட போய் இருக்கப்போறேன். வீட்டைக் காலி பண்ணிண்டிருக்கேனே, அட்டைப்பெட்டியெல்லாம் வாசல்ல பாக்கலையா?”

பார்த்திருந்தேன். என்னவென்று கேட்டதில்லை.

“மூணாவது மாடி நீலாவதியைக் கேளு,” என்றார். “வாய் பெரிசு. ஆனா கை கெட்டி.”

திரும்பி வந்ததும் அவர் தன் வீட்டுக்குள் போனார். உள்ளே பெட்டியை இழுக்கும் சத்தம் கேட்டது. பதினெட்டாம் தேதிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. நாளைக்குக் கேட்கலாம் என்று தோன்றியது. சாவியைப் பையிலேயே விட்டுவிட்டு மூன்றாவது மாடிக்கு ஏறினேன். மணியடித்தேன். உள்ளே டிவி சத்தம் குறைந்தது.

“கே?” என்று ஒரு குரல் வங்காளத்தில் யாரென்று கேட்டது.

“கீழ்வீடுங்க,” என்றேன். அது போதாது என்று தோன்றியது. “மதுவந்தி.”