நாற்பத்தொன்பது மில்லிமீட்டர்

அப்பா இறந்து ஆறு மணி நேரம் இருபது நிமிடம் ஆகியிருந்தபோது, அவள் மர விமானத்தின் இடது இறக்கை நுனியில் இருபது கிலோ மணல் மூட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தாள்.

அம்மா அனுப்பியது மூக்குக்கண்ணாடிக்குத்தான். “அது இல்லாம அவரு மூஞ்சி யாரோ மாதிரி இருக்கு. ஃப்ளையிங் ஸ்கூல்லதான் மறந்து வச்சிருப்பாரு, எடுத்துட்டு வா.” அண்ணன் வந்து சேர இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.

கண்ணாடி மேசைமேலேயே கிடைத்தது. அதன் பிறகும் அவள் கிளம்பவில்லை.

இந்த விமானத்தைக் கணினித் திரையில் ஓட்டிப் பழகுவதற்கான புரோகிராமை அப்பாதான் எழுதினார். இறக்கை எவ்வளவு வளையும் என்பதுகூட அதில் இருந்தது.

மூட்டையின் ஆட்டம் அடங்கியதும் குனிந்து அளவுகோலைப் படித்தாள். நுனி நாற்பத்தொன்பது மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. மூன்று மாதம் முன்பு அவள் அப்பாவிடம் எழுதிக் கொடுத்தது முப்பத்தெட்டு. மூட்டையைக் கழற்றி மறுபடி மாட்டினாள். நாற்பத்தொன்பதேதான். உள்ளே பசை விட்டிருக்குமோ? இல்லை, இது வேறு மரமோ? விரலை மடக்கித் தட்டி, காதை வைத்துக் கேட்டாள்.

“ஏம்மா, இங்க என்ன பண்ற? வீட்ல தேடுறாங்க.” கதவருகே பைலட் மாமா. அப்பாவின் நண்பர், இந்த விமானத்தை ஓட்டுபவர். “அப்படியே அப்பன உரிச்சு வச்சிருக்கு.”

“வேகமெடுத்தா இது இடப்பக்கம் சாயுதுன்னு சொன்னீங்களே மாமா?”

“சாயுது. அவரோட திரையில மட்டும் சாயல. மூணு மாசமா மண்டைய ஒடச்சிக்கிட்டாரு பாவம். போன வாரம், ‘தப்பு எங்கணக்குலதான்யா, மூளை மழுங்கிப்போச்சு’ன்னு கைய விரிச்சிட்டாரு. நாளைக்குப் பழைய புரோகிராமையே போட்டுடறோம். அதுல இறக்கை வளையவே வளையாது, வம்பில்ல.”

“அப்பாவா அப்படிச் சொன்னாரு?”

“ஆமா. அளவுல ஏதாச்சும் தப்பிருக்கும், பாருய்யான்னேன். ‘எம்பொண்ணு அளந்தது, அதுல கை வைக்காத’ன்னு எரிஞ்சு விழுந்தாரு.”

அவள் மூட்டையை அவிழ்க்கக் கயிற்றைப் பிடித்தாள். முடிச்சு கைக்கு வரவில்லை.

“விடு, நான் அவுக்கிறேன். நீ கெளம்பு.”

“பழச போடாதீங்க மாமா.”

“ஏன்?”

இறக்கை லேசாக முனகியது.

“அப்பா கணக்கு சரிதான். நான் வலது பக்கம் மட்டுந்தான் அளந்தேன். ரெண்டும் ஒண்ணாதான இருக்கும்னு இடதுக்கும் அதே நம்பர எழுதிக் குடுத்துட்டேன்.”