கொடிக்கால் வாசலில் ஒரு சோடிச் செருப்பு

சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்காலுக்குள் செருப்புக் காலோடு யாரும் நுழைய மாட்டார்கள். ஜில்லா கலெக்டரே வந்தாலும் வாசல் படலுக்கு வெளியே பூட்சைக் கழற்றிவிட்டு, வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். கொடி அவ்வளவு சொரணையுள்ள பயிர் என்பது அந்த ஊர்க்காரர்களின் நம்பிக்கை. அது சரியா தப்பா என்று வாதாட நான் வரவில்லை. இந்தக் கதைக்கு அந்த வழக்கம் வேண்டியிருக்கிறது, அதனால் முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்பதாம் வருஷம். அன்று காலையிலும் மலைச்சாமி படலோரம் செருப்பை விட்டுவிட்டு, கால் கழுவி, இடுப்பில் நார்க்கட்டோடு உள்ளே போனான். வயது இருபத்திரண்டு. நெடுநெடுவென்று வளர்ந்த ஆள். கை மட்டும் பூத்தொடுக்கிறவர்கள் கை மாதிரி பதமானது. கொடியை இறக்கிக் கட்டுகிற மாதம் அது. அகத்தி மரத்தில் ஏறி நீண்டுவிட்ட கொடியை அவிழ்த்து, இலை உதிர்ந்த அடித்தண்டைச் சுருட்டி மண்ணுக்குள் புதைத்து, நுனியை மறுபடி மரத்தோடு சேர்த்துக் கட்ட வேண்டும். கை முரடாக இருந்தால் தண்டு முறியும். மாதம் தவறினால் கொடி பட்டுப்போகும். கொடிக்கால் அப்துல் அலீம் ராவுத்தருடையது. மதுரையில் வெற்றிலை மண்டி நடத்தும் ராவுத்தர், இரண்டு வருஷமாகக் கொடிக்கால் பொறுப்பு முழுவதையும் மலைச்சாமி கையில் விட்டிருந்தார்.

நாலு வரிசை கட்டி முடித்தபோது, வாய்க்கால் கரையில் ஒரு மயிலைக் காளை கயிற்றை இழுத்துக்கொண்டு தண்ணீர் குடிக்க வந்து நின்றது. அந்த வட்டாரத்து மாடு இல்லை. வழி தப்பி வந்தது என்று பார்த்தவுடனே தெரிந்தது. கஞ்சி கொண்டுவந்த அவன் மனைவி சின்னத்தாயும் பார்த்தாள்.

"யாரோ ஒரு சம்சாரி தேடிக்கிட்டுத் திரிவான் புள்ள. டேசன்ல கொண்டுபோயி ஒப்படைச்சிட்டு வாரேன்" என்றான் மலைச்சாமி.

"அவுத்து விட்டா அது பாட்டுக்கு வீடு போயிச் சேரும். போலீசு வாசலை நீ எதுக்கு மிதிக்கணும்?"

"நான் இப்ப யாருக்குப் பயப்படணும்?" என்று சிரித்துவிட்டு, கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தான்.

அவள் பயந்ததில் நியாயம் இருந்தது. ஸ்டேஷனுக்குப் புதிதாக ஓர் ஏட்டு வந்திருந்தார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. கடமையே கண்ணான மனிதர். வந்த நாளிலிருந்து பழைய வாரண்டுக் கட்டுகளைத் தூசி தட்டிப் படிப்பதே அவருக்கு வேலை. மாட்டைக் கொண்டுவந்தவன் பேரை எழுதிக்கொள்வதற்காகப் பேனாவை எடுத்தார்.

"பேரு?"

"மலைச்சாமிங்க."

"தகப்பன் பேரு?"

"சங்கிலிங்க. காலமாயிட்டாரு."

ஏட்டின் பேனா நின்றது. மேஜைக்கடியிலிருந்து ஒரு காகிதக் கட்டை உருவினார். "சங்கிலி மகன் மலைச்சாமி, வெத்தலத் திருட்டு, ஜாமீன்ல போயி ஆளு தலைமறைவு" என்று வாசித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "அடப்பாவி! ஏழு வருசமாத் தேடுற ஆளு, மாட்டை ஓட்டிக்கிட்டு நீயா வந்து நிக்கிறியே!"

மாடு அன்று சாயங்காலமே சொந்தக்காரனிடம் போய்ச் சேர்ந்தது. மலைச்சாமிதான் வீடு வந்து சேரவில்லை.

அந்த ஏழு வருஷத்துக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மதுரைக்குப் பேசும் படம் வந்த புதிது. திரையில் ஆள் வாயைத் திறந்து பாடுகிறானாம் என்று ஊரெல்லாம் பேச்சு. பதினைந்து வயது மலைச்சாமிக்கு அதைப் பார்க்காவிட்டால் உயிர் போய்விடும் போலிருந்தது. ஒருநாள் விடிகாலையில் அலீம் ராவுத்தர் கொடிக்காலில் புகுந்து நாலு கவுளி, அதாவது நானூறு வெற்றிலை, கிள்ளினான். நாய் குரைத்தது. பின்பக்க வேலியைத் தாண்டி ஓடியவன், வெற்றிலையை மதுரையில் ஒரு பெட்டிக்கடையில் தள்ளிவிட்டுப் படமும் பார்த்தான். ஆனால் முன்பக்கப் படலோரம் அவனுடைய செருப்பு சோடியாகக் காத்துக்கொண்டிருந்தது. சித்திரைத் திருவிழாவில் அப்பன் வாங்கிக் கொடுத்த செருப்பு, சிவப்பு நூல் தையல் போட்டது. ஊரில் அந்த மாதிரிச் செருப்பு வேறு எவனுக்கும் கிடையாது. திருடப் போகும்போதும் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் போன திருடனைப் பிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

ராவுத்தருக்கு அன்று மூக்குக்கு மேல் கோபம். "நாலு கவுளியா இருந்தா என்ன, நாலு எலையா இருந்தா என்ன? திருட்டு திருட்டுதான்" என்று கேஸ் கொடுத்தார். அப்பன் சங்கிலி ஜாமீன் நின்று பையனை வெளியே கொண்டுவந்தார். பையனோ ஜெயிலுக்குப் பயந்து, விசாரணைக்கு முதல் நாள் ரயிலேறி, தனுஷ்கோடி வழியாக இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஓடிவிட்டான். அங்கே ஐந்து வருஷம் முதுகொடிய வேலை செய்தான். அப்பன் செத்த செய்தி வந்ததும் ஊர் திரும்பி, காரியம் முடிந்த மறுநாள் நேரே மதுரை மண்டியில் போய் நின்றான்.

"உங்க கொடிக்கால்ல வெத்தல கிள்ளுனது நான்தாங்க ராவுத்தரய்யா. ஒரு வருசம் கூலியில்லாம ஒழைக்கிறேன். அடிக்கிறதுன்னாலும் அடிச்சிருங்க."

ராவுத்தர் அரை மணி நேரம் திட்டினார். பிறகு சாப்பிடச் சொன்னார். கூலியில்லாமல் வேலை வாங்க அவருக்கு மனம் வரவில்லை. கொடிக்கால் சாவியையே கொடுத்து அனுப்பினார். அவர் மனத்தில் கேஸ் அன்றே முடிந்துவிட்டது. கோர்ட்டில் போய் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்பது மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. நம்மில் பலரும் இப்படித்தான். மன்னித்ததாக நினைத்துக்கொண்டு பாதி வேலையிலேயே நின்றுவிடுகிறோம்.

செய்தி கேட்டதும் ராவுத்தர் குதிரைவண்டி பிடித்து, தல்லாகுளம் பக்கம் இருந்த மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு ஓடினார். வாசலில் விலங்கோடு மலைச்சாமி நின்றான். பக்கத்தில் ஏட்டு. சற்றுத் தள்ளிச் சின்னத்தாய், அழுது ஓய்ந்த முகத்தோடு.

"கேசை நான் வாபஸ் வாங்கிக்கிறேன். விட்டுருங்க" என்றார் ராவுத்தர்.

"அது இப்ப சர்க்கார் கேசு பாய்" என்றார் ஏட்டு. "ஓடிப்போனவனுக்கு ஆறு மாசத்துக்குக் கொறையாது. அதும் கிருபாகரன் ஐயா கோர்ட்டு."

ராவுத்தர் மலைச்சாமியின் காதருகே எக்கிக் கிசுகிசுத்தார். "இந்தா, கேளு. அந்தச் செருப்பைத் தவிர வேற சாட்சி கெடையாது. அது ஒன்னோடதான்னு கேட்டா, எனக்கு அடையாளம் தெரியலைன்னு நான் சொல்லிர்றேன். நீயும் இல்லைன்னுரு. அம்புட்டுத்தான்."

"வேண்டாங்கய்யா. வெத்தலதான் அன்னைக்குத் திருடுனேன். இன்னைக்குப் பொய்யும் சொல்லவா?"

"ஆறு மாசம்டா! கொடி இறக்குற மாசத்துல நீ உள்ள போனா கொடிக்கால் என்ன ஆகுறது? அது கெடக்கட்டும், முடிச்சவுக்கிகளோட ஆறு மாசம் கெடந்துட்டு வந்தா நீ என்ன ஆவே?"

மலைச்சாமி சின்னத்தாயைப் பார்த்தான். பேச்சு என்னவென்று ஊகித்துக்கொண்ட அவளும் தலையை ஆட்டி, பொய் வேண்டாம் என்றே சொன்னாள். எனக்கு அந்தப் பெண்மேல் மிகுந்த மரியாதை.

மாஜிஸ்திரேட் கிருபாகரன் மிஷன் பள்ளியில் படித்து மேலே வந்தவர். கைச்சுத்தம். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முதல் பெஞ்சு. கேஸ் முடிப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. குற்றவாளியிடம் அவர் கேட்பது ஒரே கேள்வி: "செஞ்சியா, இல்லையா?" செய்தேன் என்றால் ஜெயில், இல்லை என்றால் சாட்சி, பிறகு ஜெயில். முதல் தடவை தவறிய இளவயதுக்காரனைக் கண்டித்து அனுப்பவும் சட்டத்தில் இடம் உண்டு. பதினோரு வருஷ உத்தியோகத்தில் அவர் அந்தப் பக்கத்தைப் புரட்டியதில்லை.

கேஸ் கூப்பிடப்பட்டது. ஏட்டு ஒரு துணிமூட்டையை அவிழ்த்து மேஜைமேல் வைத்தார். உள்ளே சிவப்புத் தையல் போட்ட செருப்பு, விறைத்துச் சுருங்கிப்போய், அடையாளச் சீட்டோடு கிடந்தது.

"ஏழு வருஷமாகிவிட்டது. அந்த மலைச்சாமி இவன்தான் என்று என்ன நிச்சயம்? செருப்பைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்" என்றார் மாஜிஸ்திரேட்.

மலைச்சாமி காலை நுழைத்தான். முன்கால் பாதியோடு நின்றுவிட்டது. குதிகால் முழுக்க வெளியே கிடந்தது. மறு காலும் அப்படியே. கோர்ட்டில் சலசலப்பு எழுந்தது. சும்மா வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒரு வக்கீல் "ஆள் மாறாட்டம்!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டார். ஏட்டின் முகம் சுருங்கியது. ராவுத்தர் மனத்துக்குள் அல்லாவுக்கு நன்றி சொன்னார்.

"அப்படியானால் இது உன் செருப்பு இல்லையா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்த நிமிஷமே வீட்டுக்குப் போகலாம். அங்கிருந்த அத்தனை பேருக்கும் அது தெரியும்.

"என்னோடதுதான் எசமான்" என்றான் மலைச்சாமி. "அப்பக் காலு சின்னது. வெத்தல கிள்ளுனதும் நான்தான்."

கிருபாகரன் மைக்கூட்டில் தொட்ட பேனாவை எடுத்தார். எழுதாமல் செருப்பைப் பார்த்தார். "இது எப்படி அங்கே சிக்கியது? ஓடும்போது கழன்றதா?"

ராவுத்தர் பொறுக்கமாட்டாமல் எழுந்துவிட்டார். "இல்லீங்க எசமான். படலோரமா சோடியா வச்சிருந்துச்சு. என் கண்ணால பாத்தேன். எங்க கொடிக்கால்ல செருப்புப் போட்டு யாரும் நடக்க மாட்டாக. திருட வந்த பய, கொடிக்கு மரியாதை குடுத்துக் கழட்டி வச்சிட்டு வந்திருக்கான். அதை வச்சே அவனைப் புடிச்சோம். அந்தப் பயலை அன்னைக்கே கூப்பிட்டு ரெண்டு அதட்டு அதட்டியிருந்தா போதும். நான்தான் கோவத்துல கேசு குடுத்தேன். என் கோவம் போயி ரெண்டு வருசமாச்சு, எசமான். இந்தக் காயிதத்துல மட்டும் அது அப்புடியே இருக்கு."

"அவன் ஓடிப்போனான், அதற்கு என்ன சொல்கிறீர்?"

"ஓடுனது பயத்துல. திரும்பி வந்தது யாரும் கூப்புடாம. என் வாசல்ல வந்து, திருடுனேன்னு அவனாத்தான் சொன்னான். இன்னைக்கு என் கொடிக்கால் சாவி அவன்கிட்டதான் இருக்கு. நேத்து வழி தப்புன மாட்டை டேசனுக்கு ஓட்டிக்கிட்டுப் போனதாலதான் எசமான் இங்க நிக்கிறான். வேணும்னா ஏட்டய்யாவையே கேளுங்க."

கிருபாகரன் ஏட்டைப் பார்த்தார். ஏட்டு கடமையே கண்ணான மனிதர் என்று சொன்னேன் அல்லவா? "உண்மைதாங்க. மாட்டை ஒப்படைக்கத்தான் வந்தான்" என்றார்.

மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்தார். மேஜைமேல் இருந்த செருப்பில் ஒன்றை எடுத்து, தம் கையை அதன்மேல் வைத்துப் பார்த்தார். அவருடைய கையைவிடக் கொஞ்சம்தான் நீளம். எத்தனை கட்டுகளில் எத்தனை சின்னச் செருப்புகளைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டிருப்போம் என்று அவர் மனம் கேட்டது. அந்தக் கேள்வி அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் தள்ளிவிடாமல் வைத்துக்கொண்டார். அதுதான் அந்த மனிதரிடம் இருந்த பெரிய குணம்.

பிறகு சட்டப் புத்தகத்தை எடுத்து, புரட்டாத அந்தப் பக்கத்தைப் புரட்டினார்.

"மலைச்சாமி, நீ செய்தது தப்புத்தான். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தத் தப்பைச் செய்த பையனுக்கு இந்தச் செருப்பு சரியாக இருந்தது. இங்கே நிற்கிற ஆளுக்கு இது சேரவில்லை. போய்விட்ட பையனுக்காக, உழைத்துப் பிழைக்கிற மனிதனைச் சிறையில் அடைத்தால் யாருக்கு என்ன லாபம்? ஊருக்கு ஒரு நல்ல ஆள் குறைவான். ஜெயிலில் ஒரு கைதி கூடுவான். திருந்துவதற்காகத்தான் சிறை என்றால், திருந்திவிட்டவனுக்கு அங்கே வேலை இல்லை. உன்னைக் கண்டித்து விடுதலை செய்கிறேன். விலங்கை அவிழுங்கள்."

சின்னத்தாய் இப்போதுதான் சத்தம்போட்டு அழுதாள். ராவுத்தர் தம் துண்டால் தம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆட்கள் பார்க்கிறார்களே என்று மலைச்சாமியை அதட்டினார்: "என்னடா மரம் மாதிரி நிக்கிறே? நாலு வரிசைதான் கட்டியிருக்கே. மிச்சத்தை யாரு, ஏட்டய்யாவா வந்து கட்டுவாரு? நட!"

மலைச்சாமி செருப்பை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வெறுங்காலோடு வெயிலில் இறங்கி நடந்தான்.

உள்ளே அடுத்த கேஸ் வந்தது. பித்தளைக் குடம் ஒன்றைத் திருடியதாகப் பதினெட்டு வயது இளவட்டம் ஒருவன். கேஸ் பதிவாகி ஒரு வருஷம் தாண்டியிருந்தது. கோர்ட் குமாஸ்தா வழக்கம்போல் தண்டனை எழுதும் காகிதத்தை நகர்த்தி வைத்தார்.

"செஞ்சியா, இல்லையா?" என்றார் கிருபாகரன்.

"செஞ்சேங்க."

பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக, மாஜிஸ்திரேட் குற்றத்தை விட்டு ஆளைப் பற்றி இரண்டாவது கேள்வி ஒன்று கேட்டார்.

"அதுக்கப்புறம் இந்த ஒரு வருஷமா என்ன செஞ்சிக்கிட்டிருக்கே?"

கேட்டுவிட்டு, குமாஸ்தா நீட்டிய காகிதத்தை ஓரமாகத் தள்ளிவைத்து, அவன் பதிலுக்காகக் காத்திருந்தார்.