விலக்கிய மழை

மாமியாருக்கு டாக்டர் கொடுத்த நாற்பத்தெட்டு மணி நேரத்தில் முப்பத்தொன்று போய்விட்டது. மருமகள் மழையளக்கும் குழாயைக் குலுங்காமல் பிடித்தபடி மொட்டைமாடியிலிருந்து இறங்கி, நேரே மாமியாரின் கட்டிலருகே வந்தாள்.

"எவ்வளவு?" மாமியார் கண்ணைத் திறக்கவில்லை.

"பதினேழு மில்லிமீட்டர், அத்தை."

"கண்ணுக்கு நேரா வெச்சுப் பாத்தியா? மேலேர்ந்து பாத்தா கூடக் காட்டும்."

"நேராத்தான் பாத்தேன்."

"உங்க சாட்டிலைட் என்ன சொல்லுது?"

"மழையே இல்லேங்குது."

மாமியார் சிரித்தாள். சிரிப்பு இருமலாக முடிந்தது.

பள்ளி ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தவள். ஓய்வு பெற்றபின் தினமும் மழையளந்து வானிலை மையத்துக்கு அனுப்பினாள். மூன்று வருடம் முன்பு அங்கிருந்து ஒரு வரி வந்தது: 'தண்ணீர்த் தொட்டி வழிந்து கலந்திருக்கலாம். இந்த அளவுகள் விலக்கப்படுகின்றன.' அதை எழுதியவனை அவள் திட்டாத நாளில்லை. ஆனாலும் அனுப்புவதை நிறுத்தவில்லை. மருமகளுக்கு அந்த மையத்தில்தான் வேலை. எழுதியது யாரென்று அவளுக்குத் தெரியும். இன்றாவது சொல்லிவிட வேண்டும்.

"அத்தை, சாட்டிலைட் மேகத்தோட உச்சியைத்தான் பாக்கும். உச்சி நல்லா குளிர்ந்திருந்தாத்தான் மழைன்னு கணக்கு. நம்ம மலைச்சரிவு மேகம் ரொம்பத் தாழ்வு. உச்சி குளிராமலே கொட்டித் தீத்துடுது."

"அதான் நான் அப்பவே சொன்னேனே, மழை பெய்யுதுன்னு!"

"ரேடார் வெச்ச சாட்டிலைட் ஒண்ணோட பழைய பதிவெல்லாம் இப்பத்தான் எங்க கைக்கு வந்திருக்கு. அது மேகத்துக்கு உள்ளேயே பாக்கும். ஒப்பிட்டுப் பாத்தோம். நீங்க அனுப்பினது அத்தனையும் சரி. நேத்து எல்லாத்தையும் திரும்பச் சேத்தாச்சு. இனிமே இந்தச் சரிவுக்கு வெள்ள எச்சரிக்கை குடுக்கறப்ப உங்க அளவும் கணக்குல வரும்."

மாமியார் கண்ணைத் திறந்தாள்.

"மூணு வருஷமுமா?"

"மூணு வருஷமும்."

"எனக்குத்தான் கண்ணு போச்சோன்னு நெனச்சேன்டி. யார்கிட்டயும் சொல்லல. பூதக்கண்ணாடி வெச்செல்லாம் பாத்தேன்."

மருமகள் நிமிர்ந்து பார்த்தாள். அறை வாசலில் நின்றிருந்த கணவன், போதும், விட்டுவிடு என்பதுபோலத் தலையசைத்தான். எழுதியது யாரென்று அவனுக்கும் தெரியும். மாமியாரின் முகத்தில் பல நாளாகக் காணாத தெளிவு. இப்படியே விட்டாலும் யாரும் குறை சொல்லப்போவதில்லை.

"தொட்டித் தண்ணியாமில்ல! அந்த மடையன் இப்ப மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெச்சுக்கிட்டான்?"

மருமகள் குழாயை மேசைமேல் வைத்தாள். கட்டில் ஓரத்தில், மாமியாரின் முகத்துக்கு நேராக உட்கார்ந்தாள்.

"இங்கதான் இருக்கேன், அத்தை. அதை எழுதினது நான்."