கூட நாலு பேர்

பக்ரீத் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சேர்ந்து எங்கேயாவது வெளியே போகலாம் என்று ஆரம்பித்தது அக்தர்தான். கேளம்பாக்கம் தாண்டி இருக்கும் பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போகலாம் என்றது மட்டும் இஃப்ரா. அதைக் கேட்டு அவள் அக்கா இரமுக்குக் கண் நிறைந்துவிட்டது. தங்கை ஒன்றை வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது.

உண்மையில் இஃப்ராவுக்கு ராட்டினத்தின் மேல் ஆசை ஒன்றும் இல்லை. அவளுக்கு வேண்டியிருந்தது நூர் பீவி மாமியின் சம்மதம்.

அம்மா முன்பே போய்விட, அத்தா ஹனீஃபாவும் காலமான பிறகு, பம்மலில் ஒரு சந்து வீட்டில் அக்காவும் தங்கையும் மட்டும் இருந்தார்கள். இஃப்ராவுக்குப் பள்ளியில் படிக்கும்போதே தசைச்சிதைவு நோய் தொடங்கிவிட்டது. முதலில் மாடிப்படி ஏற முடியாமல் போனது. பிறகு தரையிலிருந்து எழ முடியாமல் போனது. இப்போது சக்கர நாற்காலிதான். சாயங்காலமானால் கழுத்துகூடத் தளர்ந்து தலை ஒரு பக்கம் சாய்ந்துவிடும். விரல்கள் மட்டும் நன்றாக இருந்தன. வீட்டில் இருந்தபடியே ஒரு துணிக்கடையின் இணைய வாடிக்கையாளர்களுக்குப் பதில் தட்டச்சு செய்து சம்பாதித்துக்கொண்டிருந்தாள்.

இரம் தாம்பரத்தில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்த்தாள். குரோம்பேட்டையில் டைல்ஸ் கடை வைத்திருக்கும் அக்தர், கணக்குக் கொடுக்க வந்த இடத்தில் அவளைப் பார்த்து, பிடித்துப்போய், முறையாக வீட்டுக்கே பெண் கேட்டு வந்தான். இரம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"என் தங்கச்சியும் என்கூட வருவா. அதுக்குச் சம்மதம்னா பேசலாம்."

அக்தர் உடனே சரி என்றான். அவன் அம்மா நூர் பீவி சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "பாக்கலாம்மா, அல்லாஹ் இருக்கான்" என்று இஃப்ராவின் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனாள். அந்தப் 'பாக்கலாம்' அப்படியே நின்றது.

அப்போதுதான் இஃப்ரா அந்தப் பூங்காவின் இணையப் பக்கத்தைப் பார்த்தாள். மாற்றுத்திறனாளிகளுக்குக் கையில் ஒரு பச்சைப் பட்டை கட்டுவார்களாம். அதைக் கட்டியவர் வரிசையில் நிற்க வேண்டாம், தனி வழி. அவரோடு கூட நாலு பேர் போகலாம். அவள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். அக்கா, அக்தர் மச்சான், அவர் தம்பி தௌசிப், மாமி. சரியாக நாலு பேர். நோய் வந்ததிலிருந்து தன்னால் மற்றவர்களுக்குத் தாமதம் மட்டுமே ஆகியிருக்கிறது. ஒரு நாளாவது தன்னால் எல்லோரும் சீக்கிரம் போகட்டும் என்று நினைத்தாள். மாமி அதைப் பார்க்கட்டும் என்று நினைத்தாள்.

பூங்காவின் வாசலில் அன்று திருவிழாக் கூட்டம். வெயில் மண்டையைப் பிளந்தது. பச்சைப் பட்டை கொடுக்கும் மேசையில் விஷ்ணுப்ரியா என்று பெயர் குத்தியிருந்த பெண் உட்கார்ந்திருந்தாள். இஃப்ராவின் மணிக்கட்டில் பட்டையைக் கட்டிவிட்டு மனப்பாடம் செய்ததுபோல் சொன்னாள்:

"மேடம், ரெண்டு விஷயம். பாஸ் வச்சிருக்கவங்க ரைடுல ஏறணும். அவங்க ஏறுனாதான் கூட வந்தவங்களும் தனி வழில போகலாம். அப்புறம், சேர்ல இருந்து ரைடுக்கு மாத்துறது உங்க ஆளுங்கதான் செய்யணும். எங்க ஸ்டாஃப் தொட மாட்டாங்க."

"ஏங்க, அவளால எல்லாத்துலயும் ஏற முடியாதே" என்றாள் இரம்.

"புரியுது மேடம். முன்னாடில்லாம் இந்த ரூல் இல்ல. வயசானவங்களக் கூட்டிட்டு வந்து வெளிய வெயில்ல உக்கார வச்சிட்டு, காலேஜ் பசங்க மட்டும் உள்ள போய்ட்டு வருவாங்க. ஒரு பெரியவர் மயக்கம் போட்டு விழுந்துட்டாரு. அதுலருந்துதான் இப்படி."

"நான் ஏறிக்கிறேன்க்கா" என்றாள் இஃப்ரா அவசரமாக.

முதலில் படகு. தண்ணீர்க் கால்வாயில் மெதுவாகப் போகும் சாதாரணப் படகுதான். தடுப்புக் கம்பிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து கிடந்த வரிசையைத் தாண்டி, பக்கத்து வழியில் இவர்கள் ஐந்து பேரும் நேரே படகுத்துறைக்கு வந்துவிட்டார்கள். வரிசையில் இருந்து ஒருவன் சத்தமாகவே சொன்னான்.

"ஒரு வண்டியத் தள்ளிகினு வந்தா போதும்டா, அஞ்சு பேரு உள்ள பூந்துர்றானுங்க. நம்ம இன்னா கேனையனா?"

நூர் பீவி நின்று திரும்பினாள். "தம்பி, உனக்கு இன்னிக்கு ஒரு நாளு க்யூ. இந்தப் பொண்ணுக்குப் பாத்ரூம் போறதுக்கே டெய்லி க்யூ. மாத்திக்கிறியா?"

தௌசிப் விசில் அடித்தான். "அம்மா, செம. இஃப்ராதான் இன்னிக்கு வி.ஐ.பி., நம்மல்லாம் அவங்க செக்யூரிட்டி."

இஃப்ராவுக்கு நெஞ்சு நிறைந்தது. மாமி தனக்காகப் பேசிவிட்டாள். அந்த நிமிடமே வீட்டுக்குத் திரும்பியிருந்தால்கூடப் போதும் என்றிருந்தது.

படகில் ஏற்ற வேண்டும். தௌசிப் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முன்னால் வந்தான். "நானும் அண்ணனும் தூக்கிடுறோம், ரெண்டு செகண்டு வேலை."

"தள்ளுடா" என்றாள் நூர் பீவி. "வயசுப் பொண்ணை நீ தொட்டுத் தூக்குவியா? அக்தரும் தொடக் கூடாது, மச்சான் முறை. இரமும் நானும் தூக்குறோம்."

அதை யாரும் மறுக்கவில்லை. இஃப்ராவுக்கும் அதுதான் மரியாதையாகப் பட்டது. இரம் பின்னால் நின்று தங்கையின் அக்குளுக்குள் கை கொடுத்தாள். நூர் பீவி முழங்கால்களுக்கு அடியில் கை கொடுத்தாள். தூக்கியபோது மாமியின் மூச்சு 'ஹக்' என்று நின்று வந்தது. ஒல்லியாகத் தெரிந்தாலும், தானாக எதையும் தாங்கிக்கொள்ளாத உடம்பின் கனம் வேறு மாதிரி இருக்கும். இரமுக்கு அது தெரியும். நூர் பீவிக்கு அன்றுதான் தெரிந்தது.

படகில் இஃப்ராவை நடுவில் உட்கார வைத்து, ஒரு பக்கம் அக்கா, மறுபக்கம் மாமி. தண்ணீர் தெளித்தது. இரம் சிரித்தாள். அவள் இவ்வளவு மனசு லேசாகிச் சிரித்து இஃப்ரா பார்த்ததில்லை. காலையிலும் இரவிலும் தனியாகவே தூக்கிப் பழகியவளுக்கு, எதிர்ப்பக்கம் இன்னொரு கை வந்து சேர்ந்தது எப்படி இருந்திருக்கும் என்று அந்தச் சிரிப்பில் தெரிந்தது.

அடுத்து குட்டி ரயில். அதில் உயரமான படி. அடுத்து பெரிய ராட்டினம். அதன் தொட்டி நிற்காமல் நகர்ந்துகொண்டே இருந்தது; அதற்குள் தூக்கி உட்கார்த்த வேண்டும். ஒவ்வொன்றிலும் ஏற ஒரு தூக்கு, இறங்க ஒரு தூக்கு. ராட்டினத்தில் இருந்து இறங்கியபோது நூர் பீவி ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிமிர்ந்ததை இஃப்ரா பார்த்தாள். மாமிக்கு முழங்கால் வலி உண்டு என்று பெண் கேட்டு வந்த அன்றே பேச்சில் வந்திருந்தது.

அடுத்தது தண்ணீரில் சுழன்று போகும் வட்டத் தெப்பம். வரிசை வெளிச் சாலை வரை நீண்டிருந்தது. காலையில் இருந்து தௌசிப் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தான்.

"நான் இங்கயே இருக்கேன். நீங்க போய்ட்டு வாங்க" என்றாள் இஃப்ரா.

தனி வழியில் நின்ற ஊழியர் பென்னி தலையை ஆட்டினார். "சாரிங்க. பாஸ்காரங்க ஏறலன்னா மத்தவங்க அந்தப் பக்கம் க்யூல வரணும்."

"எவ்ளோ நேரம் ஆகும் சார்?" என்று கேட்டான் அக்தர்.

"இன்னிக்கா? ரெண்டு மணி நேரத்துக்குக் கம்மி இல்ல."

தௌசிப் முகம் தொங்கியது. "விடுங்க, பரவால்ல. வேற போலாம்."

அந்த இடத்தில் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் அந்த முகத்தை இஃப்ராவால் தாங்க முடியவில்லை. தன்னால்தான் வந்தார்கள், தன்னால் ஒன்று தவறிப்போனது என்று ஆகிவிடக் கூடாது.

"என்னால முடியும் மாமி. ஒண்ணுமாகாது."

நூர் பீவி அவளையே ஒரு கணம் பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "சரி வா கண்ணு. தூக்கிருவோம்."

தெப்பம் சுழன்றபோது இஃப்ராவின் தலை பின்னால் மடிந்தது. அவளால் அதைத் திருப்பிக் கொண்டுவர முடியவில்லை. நூர் பீவி கைப்பிடியை விட்டுவிட்டு இரண்டு கைகளாலும் அந்தத் தலையைப் பிடித்துத் தன் மார்போடு சேர்த்துக்கொண்டாள். தண்ணீர் அறைந்தது. மாமியின் நெஞ்சு அடித்துக்கொண்டது இஃப்ராவின் காதில் கேட்டது. எதிரே தௌசிப்பும் அக்தரும் கூவிக்கொண்டிருந்தார்கள். மாமி மட்டும் "யா அல்லாஹ், யா அல்லாஹ்" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள்.

இறங்கியபோது எல்லோரும் தொப்பலாக நனைந்திருந்தார்கள். இஃப்ராவுக்குக் கழிப்பறை போக வேண்டும்.

சக்கர நாற்காலிப் படம் போட்ட கழிப்பறை பூட்டியிருந்தது. சாவி யாரிடமோ இருந்தது; அந்த யாரோ சாப்பிடப் போயிருந்தார். கதவிடுக்கு வழியே பார்த்தால் உள்ளே வாளியும் துடைப்பமும் அடுக்கியிருந்தன. இஃப்ராவால் காத்திருக்க முடியவில்லை. சாதாரணப் பெண்கள் கழிப்பறைக்குள் நாற்காலி நுழையவில்லை. அதை வெளியே விட்டுவிட்டு அக்காவும் மாமியும் அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். ஈரத் தரை. வெளியே வரும்போது நூர் பீவியின் கால் வழுக்கியது. இஃப்ராவைக் கீழே போட்டுவிடக் கூடாது என்று தானே முழங்காலைத் தரையில் ஊன்றினாள். அந்தச் சத்தத்தைக் கேட்டு, கை கழுவிக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். இஃப்ராவுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

இரம் தங்கையை நாற்காலியில் சேர்த்துவிட்டு, ஐஸ் வாங்க ஓடினாள். சுவரில் சாய்ந்து தரையிலேயே உட்கார்ந்திருந்தாள் நூர் பீவி. முழங்கால் கண்ணெதிரே வீங்கிக்கொண்டிருந்தது.

"மாமி, ரொம்ப வலிக்குதா?"

நூர் பீவி இஃப்ராவின் பாதத்தைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, நனைந்த விரல்களை முந்தானையால் துடைத்துவிட்டாள். அப்புறம் சொன்னாள்.

"நான் ஒண்ணு சொல்றேன், என்னைத் தப்பா நெனைக்காத. உன்னை எனக்குப் பிடிச்சிருக்கு கண்ணு. நெஜமாவே பிடிச்சிருக்கு. நீ வீட்ல ஒரு ஓரமா உக்காந்து டைப் பண்ணிகினு இருப்பே, சோறு குடுத்தா சாப்புடுவேன்னு நெனச்சுகினு இருந்தேன். இரம் காலைல வேலைக்குப் போனா சாயங்காலந்தான் வருவா. நடுவுல யாரு இருப்பா? நான்தான். ஆம்பளைங்க உன்னைத் தொட முடியாது. என்னால முடியாதும்மா. இன்னிக்கு ஒரு நாளைக்கே என்னால முடியலயே."

பொய் என்று சொல்ல அதில் ஒன்றுமே இல்லை. காலையில் மாமிக்குத் தெரியாமல் இருந்ததையெல்லாம் ஒவ்வொரு தூக்காக இஃப்ராவேதான் தெரிய வைத்திருந்தாள்.

"அக்காகிட்ட நீயே சொல்லிடுறியா? எனக்கு வர இஷ்டம் இல்லன்னு. நீ சொன்னா கேட்டுக்குவா" என்றாள் நூர் பீவி.

"இல்ல மாமி" என்றாள் இஃப்ரா. "எனக்கு இஷ்டம் இருக்கு. அக்காவோடதான் இருக்கணும். உங்களால முடியலன்னா நீங்கதான் சொல்லணும். அதை நான் சொல்ல மாட்டேன்."

நூர் பீவி தலையைக் குனிந்துகொண்டாள். "அதுவும் சரிதான்" என்றாள்.

இஃப்ரா சொன்னபடியே அவள் செய்தாள். கார் நிறுத்தும் இடத்தில், இஃப்ராவைக் காருக்குள் ஏற்றிய பிறகு, நொண்டிக்கொண்டே இரமைத் தள்ளி அழைத்துப் போனாள். கண்ணாடி ஏற்றியிருந்ததால் இஃப்ராவுக்குப் பேச்சு கேட்கவில்லை. மாமி இரமின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. அக்தர் பக்கத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அக்கா கையை உதறிக்கொண்டு வருவாள் என்று இஃப்ரா காத்திருந்தாள். இரம் உதறவில்லை. கடைசியில் மாமியின் தோளைப் பிடித்து, காலை ஊன்றி நடக்க உதவி, முன் இருக்கையில் உட்கார்த்திவிட்டு வந்தாள்.

வழியெல்லாம் தௌசிப் மட்டும் ஏதோ பேசிப் பார்த்தான். மேடவாக்கம் வருவதற்குள் அவனும் அடங்கிவிட்டான்.

பம்மலில் சந்துக்குள் கார் போகாது. மெயின் ரோட்டிலேயே இறக்கிக்கொண்டார்கள். அக்தர் நாற்காலியை விரித்துப் பிடித்தான். இரம் வழக்கம்போல் தங்கையைத் தன் மேல் சாய்த்து, தனியாகத் தூக்கி உட்கார்த்தினாள். முன் இருக்கையில் இருந்து நூர் பீவி திரும்பிப் பார்த்தாள், கண் சிவந்திருந்தது. "பத்திரமா போங்கம்மா" என்றாள்.

சந்தில் பள்ளமும் மேடும் பார்த்து இரம் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அவள் பின்னால் இருந்ததால் முகம் தெரியவில்லை. இஃப்ராவால் தலையைத் திருப்பவும் முடியவில்லை. தையல் மெஷின்கள் ஓடும் ஒரு பட்டறை வாசலைத் தாண்டிய பிறகு அக்காவின் குரல் வந்தது.

"உனக்கு மாமி மேல கோவமா?"

"இல்லக்கா. எனக்காகத்தான் முட்டியை உடைச்சுக்கிட்டாங்க."

இரம் ஒரு பள்ளத்தைச் சுற்றி நாற்காலியைத் திருப்பினாள்.

"எனக்கும் கோவம் வரல, இஃப்ரா" என்றாள் இரம். "வரணும்ல? அவங்க சொல்லும்போது, இப்ப கத்தணும், இப்ப கத்தணும்னு நின்னேன். வரவே இல்ல. என் கை அப்படி வலிச்சுது."

இஃப்ரா மடியில் கிடந்த தன் விரல்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள். அக்காவுக்காக ஏதாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது. கோபிக்காமல், குத்திக்காட்டாமல், ஏதாவது.

"நிக்காஹ்வை எப்ப வைக்கலாம்னு இருக்காங்க?" என்று கேட்டாள்.

"ரபியுல் அவ்வல் மாசத்துல" என்றாள் இரம்.

கேட்ட உடனே வந்தது பதில். 'உன் விஷயம் முடியட்டும், அப்புறம் பாக்கலாம்' என்ற வார்த்தை அதில் இல்லை. இரமுக்கும் அது உறைத்திருக்க வேண்டும். நாற்காலி ஒரு நொடி நின்றது. பிறகு அவள் அதைப் பின்பக்கமாகத் திருப்பி, தங்கையின் தலை சாயாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, வீட்டுப் படியில் ஏற்றத் தொடங்கினாள்.