எட்டாவது போர்ட்

டாக்டரின் வாய் பாதி திறந்தபடி திரையில் உறைந்து நின்றது.

"மருந்த எடுத்துட்டீங்களா சிஸ்டர்? இப்ப அளவு சொல்றேன், கவனமா..." என்றவர் அதற்குமேல் அசையவில்லை. கொடைக்கானலில் ஒரு மேசைக்கு முன்னால் உட்கார்ந்து அவர் இன்னும் பேசிக்கொண்டிருக்கக்கூடும். இங்கே, கூக்கால் துணை சுகாதார நிலையத்தின் கட்டிலில், என் மனைவி வடிவு கிடந்தாள். எட்டு மாதக் கர்ப்பிணி. ஒரு வலிப்பு வந்து அடங்கியிருந்தது.

நர்ஸ் அன்னக்கொடி அக்கா ஊசியைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார்.

"இத நான் தனியாப் போட்டதில்ல தம்பி. கூடிப்போனா மூச்சு நின்னுரும். கொறஞ்சா அடுத்த வலிப்பு வந்துரும். வெரசா லைனக் கொண்டா."

செல்போன் கோபுரம் முந்தாநாள் மழையில் செத்துப்போனது. பூம்பாறைப் பாதையில் மரம் விழுந்து கிடக்க, அவளை ஏற்றிப்போக வந்த ஜீப் அதற்கு அந்தப் பக்கம் நின்றது. மரத்தை அறுக்க ஆள் போயிருந்தது. ஊருக்கு வெளியே பேச மிச்சமிருந்தது ஒரே இணைப்பு. அதைப் போட்டவன் நான்.

தண்ணீர்த் தொட்டி மேட்டுக்கு ஓடினேன். பகல் மூன்று மணிதான். ஆனால் மூடுபனி இறங்கி, பூண்டுக் காட்டு வரப்பு பத்தடிக்கு மேல் தெரியவில்லை. தொட்டித் தூணில் தகரப் பெட்டி. அதற்குள் பேட்டரியும், உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய ஸ்விட்சும். வயர் செருக எட்டு போர்ட். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு வயர் கிளம்பும். நெட்டும் மின்சாரமும் அந்த ஒரே வயரில் போகும். ஏழு வயர் கோயிலிலும் பூண்டுக் காடுகளிலும் நின்ற ஏழு கேமராவுக்கு. எட்டாவது, தொட்டி மேல் நிற்கும் ரேடியோவுக்கு. அந்த ரேடியோதான் சுகாதார நிலையத்தையும் கொடைக்கானலையும் இணைத்தது.

பேட்டரிதான் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டே பூட்டைத் திறந்தேன். மீட்டரை வைத்தேன். பேட்டரி நன்றாக இருந்தது. ஸ்விட்சில் ஒன்று முதல் ஏழு வரை விளக்குகள் பச்சையாக எரிந்தன. எட்டு மட்டும் இருட்டு.

திண்டுக்கல் கடையில் இதை வாங்கிய நாளில் கடைக்காரர் கேட்டார்: "மொத்தம் எத்தன வாட்டு இழுக்கும்?" நான் கணக்குப் போடவில்லை. எட்டு போர்ட் இருக்கிறதா, பெட்டிக்குள் அடங்குகிறதா, இவ்வளவுதான் பார்த்தேன். மொத்தம் அறுபது வாட்தான் தரும் என்று ஸ்விட்சின் அடியில் எழுதியிருந்தது. ரேடியோவுக்குப் பத்து. கேமரா ஒவ்வொன்றுக்கும் பகலில் ஐந்து. இருட்டினால் கேமரா நம் கண்ணுக்குத் தெரியாத தன் விளக்கைப் போட்டுக்கொள்ளும், எட்டு இழுக்கும். காட்டுமாடு பயிரை மேய்கிறதென்று போன வாரம்தான் ஆறாவதும் ஏழாவதும் சேர்ந்தன. ஏழு எட்டு ஐம்பத்தாறு. பத்தைக் கூட்டினால் அறுபத்தாறு.

மூடுபனியை ஏழு கேமராவும் இரவென்று நினைத்துக்கொண்டன.

மின்சாரம் பற்றாதபோது இந்த ஸ்விட்ச் கடைசி எண்ணைத்தான் முதலில் வெட்டும். ஒரு வாரமாக ஒவ்வோர் இரவும் வெட்டியிருக்க வேண்டும். "ஆறு மணிக்கு மேல நெட்டு நிக்கிறதில்ல தம்பி" என்று அன்னக்கொடி அக்கா சொல்லியிருந்தார். மழை என்றேன். போய்ப் பார்க்கவில்லை.

வயர்களைச் செருகிய வரிசை கோயில் மரியாதையின் வரிசை. முதல் போர்ட் சாமிக்கு. பிறகு திருவிழாவில் எந்தக் குடும்பம் முன்னால் திருநீறு வாங்குமோ அந்தப் படி அவரவர் காடு. யாரும் என்னிடம் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. மாற்றிச் செருகியிருந்தால் கேட்டிருப்பார்கள். சுகாதார நிலையம் எந்தக் குடும்பமும் இல்லை. ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த வடிவுதான் கேட்டாள்: "ஏங்க, ஆசுபத்திரி வயரு ஏன் கடேசில?"

"ஏதாவது ஒண்ணு கடேசில இருக்கணும்ல."

அவள் ஏணியை விடவில்லை.

ஆறையும் ஏழையும் பிடுங்கினேன். அது போதும். ஆனால் எனக்கு என் கணக்கின் மேல் நம்பிக்கை போயிருந்தது. சாமி வயரையும் உருவி, ரேடியோவின் வயரை முதல் போர்ட்டில் செருகினேன். விளக்கு மினுக்கத் தொடங்கியது. ரேடியோ விழித்தெழ இரண்டு நிமிடமாகும்.

"ஏலே! யாரக் கேட்டு சாமி வயருல கைய வைக்கிற?"

மூடுபனிக்குள்ளிருந்து குடையோடு வந்தார் கோயில் கமிட்டித் தலைவர் மயில்சாமி மாமா.

"வடிவுக்கு வலிப்பு மாமா. கரண்டு பத்தல. டாக்டர் லைன் அறுந்துபோச்சு."

அவர் குடையைக் கீழே போட்டார்.

"பத்தலன்னா எல்லாத்தையும் புடுங்க வேண்டியதுதான, பாத்துக்கிட்டு நிக்கிற!" என்று இரண்டு கையாலும் வயர்களைக் கொத்தாகப் பிடித்து இழுத்தார்.

எல்லா விளக்கும் அணைந்தன.

"மாமா! அதுலதான் ஆசுபத்திரியும் இருந்துச்சு!"

அவர் கையில், நான் முன்பே உருவியவற்றோடு சேர்ந்து, எட்டு வயர்களும் ஒரே நிறத்தில் தொங்கின. ரேடியோ வயரில் நான் சிவப்பு நூல் கட்டியிருந்தேன். அதைத் தேடிப் பிடித்து மறுபடி முதல் போர்ட்டில் செருகினேன்.

மறுபடியும் இரண்டு நிமிடம். கீழே சுகாதார நிலையம் எங்கே என்றுகூடத் தெரியவில்லை. அங்கே என்ன நடந்துகொண்டிருந்தாலும் எனக்குக் கேட்காது. வெகுதூரத்தில் மரம் அறுக்கும் சத்தம் மட்டும் விட்டு விட்டு வந்தது. ஓர் ஆள் இரண்டு நிமிடத்தில் எத்தனை முறை மூச்சு விடுவான் என்று எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டேன்.

பச்சை நின்று எரிந்தது.

"போலே," என்றார் மாமா. "காட்டுக்காரன் எவன் வந்தாலும் நான் பேசிக்கிறேன்."

சரிவில் இரண்டு முறை விழுந்தேன். வாசலை எட்டுமுன்பே டாக்டரின் குரல் கேட்டது.

"மெதுவா சிஸ்டர்... இன்னும் மெதுவா... மூச்ச எண்ணிக்கிட்டே இருங்க."

உள்ளே போனேன். நான் இல்லாதபோது இரண்டாவது வலிப்பு வந்து போயிருந்தது. வடிவின் உதட்டோரம் ரத்தம். அன்னக்கொடி அக்காவின் முன்கையில் நகக் கீறல்கள். ஊசி கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. அக்கா வாயை அசைக்காமல் எண்ணினார். ஊசியை எடுத்துவிட்டு வடிவின் வயிற்றில் குழந்தையின் துடிப்பைக் கேட்கும் குழலை வைத்து வெகுநேரம் குனிந்திருந்தார்.

"துடிப்பு இருக்கு. லேசா இருக்கு."

மரம் அறுக்கும் சத்தம் நின்றிருந்தது. பாதை திறந்ததோ, ரம்பம் உடைந்ததோ தெரியவில்லை.

வடிவு கண்ணைத் திறந்தாள். அந்தப் பார்வை என்மேல் பட்டு, என்னை அடையாளம் காணாமல் சுவருக்குப் போனது.

"ஜீப் வர்ற வரைக்கும் நான் லைன்லதான் இருப்பேன்," என்றார் டாக்டர். "மறுபடி போயிராதே?"

ஜன்னலுக்கு வெளியே மூடுபனி இன்னும் இறுகியிருந்தது. மேட்டில் மயில்சாமி மாமா ஏழு கேமரா வயர்களையும் யாரும் செருகவிடாமல் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருப்பார்.

"மேல ஆள் நிக்குது சார்," என்றேன்.