வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்

ராத்திரி டியூட்டி முடிந்து சிஸ்டர் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தபோது, அவள் புருஷன் கேட்டருகே நின்றுகொண்டிருந்தார். தேய்த்த சட்டை, படிய வாரிய தலை, கல்யாண வீட்டுக்குக் கிளம்பியவர் மாதிரி ஒரு முகம். அவரைப் பார்த்த பிறகுதான் இன்று ஞாயிற்றுக்கிழமை என்பதும், கார் பார்க்க வருவதாகத் தான் தலையாட்டித் தொலைத்ததும் அவளுக்கு ஞாபகம் வந்தது.

"இன்னொரு நாள் போகக் கூடாதாங்க? வார்டுல ரெண்டு பேரு விடிய விடிய உட்கார விடல. கால் ரெண்டும் என்னுதான்னே தெரியல."

"அவர் நமக்காகக் காத்திருக்காரும்மா. அரை மணி நேர வேலை. பார்த்துட்டு வந்துடலாம்."

அவரை ஊரே வாத்தியார் என்றுதான் கூப்பிடும். பூகோள வாத்தியார். போன வருஷம் ஓய்வு பெற்றார். கைக்கு மொத்தமாக ஒரு தொகை வந்தது. அது வந்த நாளிலிருந்து மனுஷர் தரையில் நடக்கவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் அவளை உட்கார வைத்துவிட்டு வழி முழுக்கப் பாடம் நடத்தினார்.

"புதுக் கார் ஷோரூம் வாசலைத் தாண்டினதுமே விலை இறங்கிடும். பழசு அப்படியில்ல. ஒரு வயசுக்கு மேல போச்சுன்னா ஏற ஆரம்பிக்கும். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன். இது செலவே இல்ல, சேமிப்பு."

"யானைக்கு இருக்கிற வரைக்கும் தீனி யாரு போடறது?"

அவ்வளவுதான் அவளால் சொல்ல முடிந்தது. வழக்கமாக என்றால் இன்னும் நிறைய சொல்லியிருப்பாள். நம் வீடு இரண்டாம் மாடி, வண்டியை நிறுத்த இடமில்லை. உதிரிச் சாமான் கிடைக்காது. கிடைத்தாலும் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று ஆகும். எல்லாம் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் கொட்டாவி முந்திக்கொண்டது.

முப்பது வருஷமாக அந்த வீட்டில் ஆசைப்படுகிற வேலை அவருடையது, வேண்டாம் என்கிற வேலை அவளுடையது. தம்பியோடு சேர்ந்து கோழிப்பண்ணை வைக்கப் போகிறேன் என்றார், வேண்டாம் என்றாள். ஏரிக்கரையை ஒட்டி மலிவாக மனை வருகிறது என்றார். மழைக்காலத்தில் மனை இருக்காது, ஏரிதான் இருக்கும் என்றாள். ஒருமுறை தொலைநோக்கி. ஒவ்வொரு தடவையும் அவர் பெருமூச்சு விட்டு, கேட்டவர்களிடமெல்லாம் "வீட்டுல விடமாட்டேங்கறாங்க" என்று சொல்லிவிடுவார். கேட்டவர்கள் அவரைப் பாவமாகப் பார்ப்பார்கள். அவருடைய தங்கை அண்ணிக்கு 'பூட்டு' என்று பேரே வைத்துவிட்டாள். விசேஷங்களில் அந்தப் பேர் காதுபடவே அடிபடும். சிஸ்டர் சிரித்துக்கொண்டே பந்தியில் தண்ணீர் ஊற்றுவாள்.

காரை விற்கிறவர் ஒரு பல் டாக்டர். அவருடைய கிளினிக்குக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஷெட். துணியை இழுத்ததும் கார் வெளியே வந்தது. வெளிர் பச்சை, நீண்ட மூக்கு, முன்பக்கம் பல்வரிசை மாதிரி பளபளக்கிற கம்பிகள். வாத்தியார் அதை ஒரு சுற்று சுற்றி வந்தார். குனிந்து அந்தக் கம்பிகளை விரலால் தடவினார்.

"தானமா வர்ற மாட்டைத்தான் சார் பல்லைப் பிடிச்சுப் பார்க்கக் கூடாது. இது காசு குடுத்து வாங்கறது, நல்லாவே பாருங்க" என்றார் டாக்டர். சொன்னவர் தானே சிரித்தார். நாளெல்லாம் வாயைத் திறந்து வைத்திருப்பவர்களோடு பேசிப் பழகியதால், பதிலை எதிர்பார்க்காத ஒரு பேச்சு அவருடையது.

வாத்தியார் பானெட்டைத் திறக்கச் சொன்னார். கேபிளைப் பார்த்தார், பேட்டரியைப் பார்த்தார், தரையில் முழங்கால் போட்டு அடியில் துரு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு எழுந்து, மூன்று மாதமாக ஒத்திகை பார்த்த கேள்வியைக் கேட்டார்.

"இவ்வளவு நல்ல வண்டியை எதுக்கு டாக்டர் விக்கறீங்க?"

"உண்மையைச் சொல்லவா, வியாபாரம் பேசவா?"

"உண்மையையே சொல்லுங்க."

டாக்டர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நானும் உங்கள மாதிரி, முதலீடுன்னுதான் வாங்கினேன். இந்த ஷெட்டு அதுக்காகப் போட்டது. ஒரு சின்ன சாமானுக்கு எட்டு மாசம் காத்திருந்தேன். வெயில்ல விட்டா பெயிண்ட் போகுது, மழையில விட்டா அடி போகுது, ஓட்டாம விட்டா இன்ஜின் போகுது. விலை ஏறியிருக்கு, இல்லன்னு சொல்லல. யாரைக் கேட்டாலும் நல்ல விலை சொல்றாங்க. ஆனா அந்த விலையைக் கையில எடுத்துக்கிட்டு வர்ற ஆளைத்தான் சார் காணோம்."

வாத்தியார் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை அவளுக்குப் பழகியது. இந்த இடத்தில் அவள் வாயைத் திறக்க வேண்டும்.

"நீ என்ன சொல்ற?"

"நான் என்னங்க சொல்றது? உங்க பணம், உங்க ஆசை. பிடிச்சிருந்தா வாங்குங்க."

அவள் அதைக் கோபத்தில் சொல்லவில்லை. நிஜமாகவே அவளிடம் அன்றைக்கு ஒரு 'வேண்டாம்' கூட மிச்சமில்லை. இருந்ததையெல்லாம் வார்டிலேயே, ஊசியைப் பிடுங்காதீங்க, கட்டிலை விட்டு இறங்காதீங்க என்று செலவழித்துவிட்டு வந்திருந்தாள்.

வாத்தியார் திகைத்து நின்றார். மாடிப்படி இன்னும் ஒன்று இருக்கிறது என்று நினைத்துக் காலை வைத்தவர் மாதிரி ஒரு தடுமாற்றம்.

"இல்ல... நல்லா யோசிச்சுத்தான் சொல்றியா?"

"ஆமா. டாக்டர், நான் கொஞ்சம் உள்ள உட்காரலாமா? நிக்க முடியல."

டாக்டரே பின் கதவைத் திறந்துவிட்டார். சீட் அகலமாக இருந்தது. தோல் வாசனை, பழைய எண்ணெய் வாசனை. செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மேலே தூக்கி வைத்துக்கொண்டாள். ஆம்பளைகள் பேசுவது தூரத்து ரேடியோ போலக் கேட்டது. டயர், இன்சூரன்ஸ், மைலேஜ். இந்தப் பெரிய மனுஷர்கள் பேசி முடிக்கட்டும் என்று கண்ணை மூடியதுதான் தெரியும்.

எவ்வளவு நேரம் தூங்கினாள் என்று அவளுக்குத் தெரியாது. விழித்தபோது கன்னத்தில் சீட்டின் தையல் பதிந்திருந்தது. கண்ணாடி இறக்கியிருந்ததால் குரல் தெளிவாகக் கேட்டது.

"இதுக்கு மேல என்னால இறங்க முடியாது சார். உங்களுக்காகத்தான் இந்த விலை" என்றார் டாக்டர்.

"எனக்குப் பூரண சம்மதம் டாக்டர். நான் இன்னைக்கே முன்பணம் குடுத்துடுவேன். ஆனா பாருங்க, வீட்டுல ஒத்துக்க மாட்டாங்க. பெட்ரோல், ஷெட்டு வாடகை, திரும்ப விக்கறப்ப என்ன கிடைக்கும், அது இதுன்னு ஆயிரம் கணக்கு போடுவாங்க. வீட்டுல கேட்டுட்டுச் சொல்றேனே."

சிஸ்டர் அசையாமல் கிடந்தாள். முதலில் அவளுக்குப் புரியவில்லை. புரிந்தபோது கோபம்கூட வரவில்லை, வாய்தான் திறந்துகொண்டது.

"வீடு இங்கதான் இருக்குங்க" என்றாள் காருக்குள்ளிருந்து. "வீடு எப்போ மாட்டேன்னு சொல்லுச்சு?"

இருவரும் திரும்பினார்கள். வாத்தியார் முகம் சுண்டிப்போனது. டாக்டர் சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல், கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"வாங்குங்கன்னு சொல்லிட்டுத்தானே வந்து படுத்தேன்? பணமும் கையில இருக்கு, விலையும் பேசியாச்சு. இன்னும் என்ன?"

வாத்தியார் காரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். வகுப்பில் கேள்வி கேட்டு மாட்டிவிடுகிற மனுஷர், இப்போது பெஞ்சு மேல் ஏற்றப்பட்டவர் போல நின்றார்.

"பயமா இருக்கு" என்றார் கடைசியில், டாக்டரிடமோ அவளிடமோ இல்லாமல் பொதுவாக. "வாங்கிட்டு, நாளைக்கு ஒரு அவசரம்னு வந்து, இது விலை போகலைன்னா..."

"அதைச் சொல்ல எனக்கு அஞ்சு வருஷம் ஆச்சு சார்" என்றார் டாக்டர். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. துணியை எடுத்துக் காரின் மேல் திரும்பப் போர்த்த ஆரம்பித்தார். ஒரு முனையை வாத்தியாரும் பிடித்துக்கொண்டார்.

திரும்பும் பஸ்ஸில் கூட்டமில்லை. ஆனாலும் இருவரும் முன்பின் சீட்டில் உட்கார்ந்தார்கள். பாதி தூரம் போன பிறகு அவர் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீ வேண்டாம்னு சொல்லிடுவேங்கற தைரியத்துலதாம்மா நான் எல்லாத்துக்கும் ஆசைப்பட்டேன்."

"தெரியும்" என்றாள். தெரியாது, இன்றைக்குத்தான் தெரிந்தது. ஆனால் அதை விளக்கத் தெம்பில்லை. "ஆசை உங்களுக்கு, கெட்ட பேரு எனக்கு. உங்க தங்கச்சி எனக்கு என்ன பேரு வச்சிருக்கான்னு தெரியுமில்ல?"

"சும்மா விளையாட்டுக்கு..."

"வீட்டுக்குப் போனதும் அவளுக்கு ஃபோன் பண்ணுங்க. கார் வேண்டாம்னு சொன்னது நீங்க, நான் இல்லன்னு சொல்லுங்க. வேற ஒண்ணும் வேண்டாம் எனக்கு."

இரண்டு மாடி ஏறி, முகம் கழுவி, கட்டிலில் விழுந்து, காலடியில் தலையணையை வைத்துக்கொண்டாள். கூடத்தில் அவர் கொஞ்ச நேரம் இங்குமங்கும் நடந்தார். பிறகு ஃபோன் போட்டார். ஒலிபெருக்கியில் போட்டுப் பேசுவது அவர் பழக்கம்.

"கார் என்னாச்சுண்ணா? முடிச்சாச்சா?"

"இல்லம்மா. வாங்கல. நான்தான் வேண்டாம்னுட்டேன்."

"நீயா?"

"நானேதான். உங்க அண்ணி வாங்கத்தான் சொன்னா. எனக்குத்தான் பயமா போச்சு."

தங்கை குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்: "அண்ணா, பூட்டு பக்கத்துல நிக்குதா? பேச முடியலைன்னா அப்புறமா கூப்பிடு."

"அட, நிஜமாத்தான் சொல்றேன்டீ!"

"சரிண்ணா, சரி. புரியுது. பாவம் நீ."

ஃபோன் வைக்கும் சத்தம் கேட்டது. வாத்தியார் கதவருகே வந்து நின்றார், தப்பான விடையை இரண்டாவது முறையும் எழுதிவிட்டவர் போல. சிஸ்டருக்கு வயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பி, பாதி வழியிலேயே களைத்து நின்றுவிட்டது.

"போகட்டும், விடுங்க" என்றாள். "நீங்க சொன்னீங்க, நான் கேட்டேன். திரையை மட்டும் இழுத்துவிடுங்க, வெளிச்சம் கண்ணைக் குத்துது."

அதற்கப்புறம் ஒன்றும் பெரிதாக நடக்கவில்லை. பத்துப் பதினைந்து நாள் கழித்து டாக்டர் விலையை இன்னும் இறக்கிக்கொண்டு கூப்பிட்டார். வாத்தியார் அவளிடம் கேட்கவில்லை. "எனக்கு வேண்டாம் டாக்டர்" என்றார். ஆனால் ஆசை ஒரேயடியாகவா போய்விடும்? வண்டியைத் துடைத்துக் கிளப்பி வைக்கக்கூட ஆள் இல்லை என்று டாக்டர் புலம்பியதைக் கேட்டு, சனிக்கிழமை தோறும் அந்த ஷெட்டுக்குப் போக ஆரம்பித்தார். கம்பிகளைத் துடைப்பார், இன்ஜினைச் சற்று நேரம் ஓடவிடுவார், டாக்டரோடு டீ குடித்துவிட்டு வருவார். பைசா செலவில்லை.

மழைக்காலம் தொடங்கிய ஒரு சனிக்கிழமை சீக்கிரமே திரும்பி வந்துவிட்டார். சிஸ்டர் டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"வித்துட்டார்" என்றார்.

"எவ்வளவுக்குப் போச்சு?"

"அவர் சொல்லல. நானும் கேக்கல."

அவர் நாற்காலியில் உட்கார்ந்து நனைந்த சட்டைப் பொத்தான்களைக் கழற்றினார். அவளுக்கு பஸ் வருகிற நேரம். ஆனாலும் பையைக் கீழே வைத்துவிட்டு, துண்டை எடுத்துக் கொடுத்து, அடுத்த பஸ்ஸில் போகலாம் என்று எதிரே உட்கார்ந்தாள்.