யோகேஸ்வரி ஓட்டிய ஜாகுவார்

இலங்கை மலைநாட்டில், தலவாக்கலை கடைவீதியில் புடவைக் கடை வைத்திருந்த முத்துலிங்கம், ஐம்பத்தேழாம் வருஷம் ஒரு ஜாகுவார் கார் வாங்கினான். திம்புள்ளப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை வேலையை விட்டுச் சீமைக்குப் புறப்பட்டபோது விற்றுவிட்டுப் போன வண்டி அது. கரும்பச்சை நிறம். கூரை கிடையாது, மழை வந்தால் இழுத்து மூட ஒரு துணி. இரண்டு பேர்தான் உட்காரலாம். பானெட் மட்டுமே வண்டியில் பாதி நீளம். ஸ்டார்ட் செய்தால் எதிர்க் கடைக் கண்ணாடி அலமாரி அதிரும்.

மூன்று தலைமுறையாகத் துணி விற்ற குடும்பத்தில் இப்படி ஒரு வண்டி எதற்கு என்று பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். முத்துலிங்கம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சின்ன வயதில் ரோட்டோரம் ஒதுங்கி நின்று துரைமார் கார்களின் புழுதியைத் தின்றவன் அவன். இப்போது அந்தத் துரைமாரே ஒதுங்கி நின்று அவனுடைய வண்டியைப் பார்த்தார்கள். அது போதும் அவனுக்கு.

லிந்துலைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து விளையாட்டுத் திடலில் அந்த வட்டாரத்து மோட்டார் கிளப் சில மாதங்களுக்கு ஒருமுறை போட்டி நடத்தியது. ஆட்டோகிராஸ் என்று பெயர். புல்தரையில் சுண்ணாம்பு அடித்த மண்ணெண்ணெய்த் தகரங்களை அங்கங்கே வைத்துவிடுவார்கள். ஒவ்வொரு வண்டியும் தனியாக வந்து, தகரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போய்த் திரும்ப வேண்டும். யார் குறைந்த நேரத்தில் முடிக்கிறார்களோ அவர்களுக்கு வெற்றி. தகரத்தில் இடித்தால் நேரம் கூட்டப்படும். கிளப் செயலாளர் டி வோஸ் என்ற, ஒல்லாந்தர் வழி வந்த பறங்கியர். தோட்டத்து ஃபேக்டரியில் எஞ்சினியர். கையில் ஸ்டாப் வாட்சுடன் கோட்டில் நிற்பார்.

முத்துலிங்கம் அந்தக் கிளப்பில் சேர்ந்தான். மனைவி யோகேஸ்வரியையும் சேர்த்துவிட்டான். அவள் மாத்தளைக்காரி. அவளுடைய அப்பாவுக்கு இரண்டு பஸ்கள் ஓடின. கல்யாணத்துக்கு முன்பே ஒரு பழைய ஆஸ்டினில் ஓட்டக் கற்று லைசன்ஸ் எடுத்திருந்தாள். 'நம்ம வீட்டு அம்மாவும் ஜாகுவார் ஓட்டுவாங்க' என்று கடையில் சொல்லிக்கொள்வதில் முத்துலிங்கத்துக்கு அப்போது பெருமைதான்.

முதல் நாள் திடலில் ஜாகுவாரைத் தொட்டபோது அவள் ஆஸ்டின் நினைப்பில் ஆக்சிலேட்டரை மிதித்துவிட்டாள். பின்சக்கரம் புல்லைப் பிய்த்து எறிய, வண்டி ஒரு பக்கமாகத் துள்ளித் தேயிலைக்குள் மூக்கை நுழைத்து நின்றது. முத்துலிங்கம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. இறங்கி, சக்கரம் கிழித்த தடத்தைக் குனிந்து பார்த்தாள்.

அதன் பிறகு திடல் காலியாக இருந்த மாலைகளில் அவள் தகரங்களை வைத்துப் பழகினாள். முதலில் தகரங்களுக்கு நடுவே நடந்து பார்ப்பாள். பிறகு வண்டியை மெதுவாக, மாடு போகும் வேகத்தில் கொண்டுபோவாள். அடுத்த சுற்றில் கொஞ்சம் கூட்டுவாள். வளைவு வருமுன்பே பிரேக்கைப் பிடித்து, வளைவுக்குள் வண்டியைத் தானாக உருள விட்டு, ஸ்டியரிங் நேராக வர வர, காலை மெல்ல மெல்ல அழுத்துவாள்.

"என்ன ஈஸ்வரி, கல்யாண ஊர்வலமா போற?" என்று முத்துலிங்கம் சிகரெட்டுடன் நின்று கேலி செய்வான்.

"வண்டிக்கு ரொம்ப பலங்க. அதட்டினா மொரண்டு புடிக்குது" என்பாள் அவள்.

அவன் ஓட்டுவது வேறு மாதிரி. வளைவு வரை முழு வேகம், கடைசி நிமிஷத்தில் பிரேக், ஸ்டியரிங்கைப் பிடித்து ஒரு வெட்டு, உடனே மறுபடி முழு மிதி. புல் பறக்கும். வண்டி ஊளையிடும். பார்ப்பவர்கள் கத்துவார்கள். தான் பறந்துகொண்டிருப்பதாகவே அவனுக்குத் தோன்றும்.

முதல் போட்டியில் அவன் இரண்டு தகரங்களைச் சாய்த்தான். ஒரு வளைவில் வண்டி முழு வட்டம் சுற்றி நின்றது. ஆனாலும் கூட்டம் கைதட்டியது. சந்தோஷமாகத்தான் இறங்கினான். அடுத்துப் பெண்களுக்கான சுற்று. இரண்டு துரைசாணிமார் தங்கள் சின்ன வண்டிகளில் போய் வந்தார்கள். பிறகு யோகேஸ்வரி சேலை முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு ஜாகுவாரில் ஏறினாள்.

சத்தமே இல்லை. புல் பறக்கவில்லை. வண்டி வேகமாகப் போவதாகக்கூடத் தெரியவில்லை. தகரங்களைத் தொடாமல், ஒன்றை விட்டு ஒன்றுக்கு வழுக்கிப் போய்த் திரும்பி வந்து கோட்டில் நின்றது. டி வோஸ் வாட்சைப் பார்த்தார். காதில் வைத்துப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

"முத்துலிங்கம்! நம்ம அம்மா ஒங்கள விட ஃபாஸ்ட்! ஆம்பளைங்க எல்லாரையும் விட ஃபாஸ்ட்!" என்று தனக்குத் தெரிந்த தமிழில் கத்தினார்.

திடலே எழுந்து நின்றது. முத்துலிங்கமும் கைதட்டினான். கன்னம் வலிக்கும்வரை சிரித்தான். ஆனால் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று சில்லென்று இறங்கி உட்கார்ந்துகொண்டது. அவள் தோற்றிருந்தால், வா பரவாயில்லை என்று தோளில் தட்டியிருப்பான். அந்த வார்த்தைகளைக்கூடத் தயாராக வைத்திருந்தான்.

அன்றிலிருந்து அவனுக்கு நிம்மதி போயிற்று. முடி வெட்டப் போனால் வீரய்யா கத்தரியை நிறுத்திவிட்டு, "மொதலாளியம்மா ஓட்டினா வண்டி தண்ணி மாதிரி போகுதாமே?" என்றான். சேலை எடுக்க வந்த பெண்கள் அவளைப் பார்க்க உள்ளே எட்டிப் பார்த்தார்கள். கோயிலில் குருக்கள்கூட விசாரித்தார். அவனுடைய வண்டி. அவன் பேசி வாங்கியது. அவன் கனவு. அதில் ஏறி உட்கார்ந்து அவள் பெயர் வாங்கிவிட்டாள். அவள் சமையலறையில் பாட்டை முணுமுணுத்தால்கூட, அந்த வெற்றியை நினைத்துத்தான் முணுமுணுக்கிறாள் என்று பட்டது.

ஒரு நாள் சாப்பிடும்போது அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "நீங்க வளைவுக்குள்ள போன பெறகு பிரேக் புடிக்கிறீங்க. அதான் பின்பக்கம் வெலகுது. கொஞ்சம் முன்னாடியே…"

"எனக்கே வண்டி ஓட்டச் சொல்லித் தர்றியா?" தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். மறுநாள் சாவியைக் கடை இரும்புப் பெட்டியில் பூட்டினான். "கியரு சத்தம் போடுது. கொஞ்ச நாள் யாரும் எடுக்க வேணாம்" என்றான்.

ஆனால் அவன் மட்டும் தனியாகத் திடலுக்குப் போனான். அவள் செய்தது போலவே மெதுவாகத் தொடங்கினான். இரண்டாவது வளைவுக்குள் பொறுமை போய்விடும். அவள் நேரம் நினைவுக்கு வரும், கால் தானாக அழுந்தும், தகரம் உருளும். இறங்கிப் போய் அதை உதைப்பான்.

அடுத்த போட்டிக்கு முன் அவன் டி வோஸிடம் போய், மனைவிக்கு உடம்பு சரியில்லை, பெயரை எடுத்துவிடுங்கள் என்றான். சொல்லிவிட்டு வெளியே வந்தபோது தன் முகத்தைக் காரின் கண்ணாடியில் பார்க்கப் பிடிக்கவில்லை. ஆனால் திரும்பிப் போய் மாற்றிச் சொல்லவும் இல்லை. வீட்டில் அவளிடம், இந்த முறை பெண்களுக்குச் சுற்றே வைக்கவில்லையாம் என்றான்.

போட்டியன்று காலையில் தூறல் விழுந்து புல் நனைந்திருந்தது. யோகேஸ்வரி வேடிக்கை பார்க்க வந்திருந்தாள். டி வோஸ் அவளைக் கண்டதும் ஓடி வந்தார்.

"அம்மா, ஒடம்பு நல்லா ஆச்சா? லேடீஸ் எல்லாம் ஒங்கள கேக்குறாங்க."

யோகேஸ்வரி கணவனைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு பார்வைதான்.

"இப்ப தேவலைங்க. இன்னிக்கு பாக்கத்தான் வந்தேன்" என்றாள் டி வோஸிடம்.

எல்லார் முன்பும் அவள் அவனைக் காட்டிக்கொடுத்திருந்தால் அவனுக்குத் தாங்கியிருக்கும். பதிலுக்குக் கத்தியிருப்பான். அவள் காப்பாற்றிவிட்டாள். அதிலும் அவளே ஜெயித்துவிட்டாள் என்று தோன்றியது. அந்தக் கொதிப்போடு வண்டியில் ஏறினான்.

முதல் வளைவே முழு வேகத்தில். நனைந்த புல்லில் பிரேக் பிடிக்கவில்லை. வெட்டித் திருப்பினான், பின்பக்கம் சறுக்கியது. அந்த நேரம் காலை எடுக்க வேண்டும். அவன் இன்னும் அழுத்தினான். ஜாகுவார் தட்டாமாலை சுற்றிக்கொண்டே தகரங்களைத் தாண்டி, திடலின் ஓரத்துக் கானுக்குள், தண்ணீர் ஓடும் அந்தப் பள்ளத்துக்குள், இடப்பக்கம் சரிந்து இறங்கியது. அவன் சீட்டை விட்டுத் தூக்கி எறியப்பட்டு இடப்பக்கத்துக் கதவில் தோளோடு மோதினான். உள்ளே குச்சி முறிவது போல ஒரு சத்தம் கேட்டது.

தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் ஓடி வந்து தொட்டுப் பார்த்தார். "காறை எலும்பு முறிஞ்சிருக்கு. நுவரெலியாவுக்குக் கொண்டு போகணும். ஆட்டக் கூடாது" என்று கையை மார்போடு சேர்த்துக் கட்டினார். நாலைந்து பேர் சேர்ந்து வண்டியைக் கானிலிருந்து தூக்கி, நசுங்கிய மட்கார்டை டயரில் படாமல் வளைத்து விட்டார்கள். ஒரு துரை தன் ஜீப்பைத் தருவதாகச் சொன்னார்.

"ஜீப்பு தூக்கிப் போடும்" என்றாள் யோகேஸ்வரி. "நம்ம வண்டியிலேயே நான் கூட்டிட்டுப் போறேன்." முந்தானையைச் செருகிக்கொண்டாள்.

லிந்துலையிலிருந்து நானு ஓயா வழியாக நுவரெலியா வரை ரோடு முழுவதும் வளைவுதான். முத்துலிங்கம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மூச்சு விட்டாலே தோள் குத்தியது. அந்த வலியிலும் அவன் மனம் ஒன்றுக்காகக் காத்திருந்தது: அவள் ஒரு இடத்திலாவது தவறு செய்ய வேண்டும். ஒரு குலுக்கல், ஒரு வெட்டு. எலும்பு உரசட்டும், வலிக்கட்டும். 'பாத்து ஓட்டத் தெரியாதா?' என்று ஒரு முறை கத்திவிட வேண்டும்.

வளைவுகள் வந்தன, போயின. குலுக்கல் வரவில்லை. வண்டி எப்போது வேகம் குறைந்தது, எப்போது கூடியது என்பது தோளுக்குத் தெரியவே இல்லை. மெல்ல அவன் கண்கள் அவள் பாதத்துக்குப் போயின. செருப்பைக் கழற்றிவிட்டு ஓட்டிக்கொண்டிருந்தாள். பிரேக்கிலிருந்து காலை எடுக்கும்போதும் சட்டென்று எடுக்கவில்லை. தூங்கும் குழந்தையின் தலைக்கடியிலிருந்து கையை உருவுவது போல எடுத்தாள். அவன் அதை ஒரு நாளும் பார்த்ததில்லை. அவள் ஓட்டியபோதெல்லாம் அவன் பார்த்தது டி வோஸின் வாட்சை மட்டும்தான்.

"ஈஸ்வரி" என்றான். "டி வோஸ்கிட்ட ஒனக்கு ஒடம்பு சரியில்லன்னு சொன்னது நான்தான்."

"தெரியும்."

"ஏன் ஒண்ணும் கேக்கல?"

"வளைவு வருது. பேசாம இருங்க."

வளைவு முடிந்து கொஞ்சம் நேரான ரோடு வந்தது. அப்போது சொன்னாள், அவன் பக்கம் திரும்பாமல்: "எனக்குக் கோபம் இல்லன்னு நெனச்சிடாதீங்க. இன்னிக்கு ஒங்க கை நல்லா இருந்திருந்தா, வீட்டுக்குப் போய் நல்லா கேட்டிருப்பேன். ஆசையா பழகுனேங்க. நீங்க பாத்து சந்தோஷப்படுவீங்கன்னு பழகுனேன்."

அவள் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. துடைக்க ஒரு கையை எடுக்கவில்லை. அடுத்த வளைவு வந்துவிட்டது. அதிலும் வண்டி ஆடவில்லை.

"பொறாமையா இருந்திச்சு" என்றான் முத்துலிங்கம். வாய்விட்டுச் சொன்ன பிறகு, அது அவ்வளவு பெரிய வார்த்தையாக இல்லை. "இப்பவும் இருக்கு."

"இருக்கட்டும். அதுக்காக சாவியப் பூட்டாதீங்க."

எலும்பு கூடும்வரை அவனால் ஓட்ட முடியவில்லை. யோகேஸ்வரி ஓட்டினாள், அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். கடைக்குச் சரக்கு பார்க்க அட்டனுக்குப் போனாலும் சரி, திடலுக்குப் போனாலும் சரி, அவன் பேசாமல் அவள் காலையும் கையையும் கவனித்தான். சில நாள் அந்தப் பழைய குளிர் நெஞ்சில் வந்து உட்காரும். அன்றைக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான். அவளும் சமாதானம் செய்யப் போகமாட்டாள். மறுநாள் அவனே, "அந்த எடத்துல ஏன் மூணாவது கியர்லயே விட்ட?" என்று தொடங்குவான்.

கட்டுப் பிரித்த பிறகு அவன் மாடு போகும் வேகத்திலிருந்து தொடங்கினான். கடைவீதிக்காரர்கள் சிலர் திடலோரம் நின்று சிரித்தார்கள். கால் துடித்தது. அழுத்தவில்லை.

அடுத்த போட்டியில் அவன் ஒரு தகரத்தையும் சாய்க்கவில்லை. புல் பறக்கவில்லை, கூட்டமும் கத்தவில்லை. ஆனால் டி வோஸ் நேரத்தை வாசித்தபோது அவன் ஆண்கள் சுற்றில் இரண்டாவதாக இருந்தான். யோகேஸ்வரி அவனையும் முதலாவது வந்த துரையையும் தாண்டிப் போயிருந்தாள்.

திரும்பும்போது அவன் ஓட்டினான். பாதி வழி போயிற்று. பிறகு கேட்டான்:

"அந்தக் கடைசி வளைவுல நான் எல்லாம் சரியாத்தானே செஞ்சேன். நீ எங்க நேரத்த மிச்சம் புடிச்ச?"

யோகேஸ்வரி காற்றில் பறந்த முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்ல மாட்டேன்" என்றாள்.

அவனுக்குச் சுருக்கென்றது. அப்படியே சிரிப்பும் வந்தது. தலவாக்கலைக்கு இறங்கும் வளைவு தெரிந்தது. முன்னாலேயே, மெல்ல, பிரேக்கில் காலை வைத்தான்.